‘வரவு’ யாருடையது? – இரட்டைப் பதிவுக் கணக்குச் சொற்களில் ஓர் இடமயக்கம்

சவ்வாது மலையில் சாமை பயிரிடும் உழவர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் தாம் பெற்ற கடனில் 1,000 ரூபாயை அறுவடைக்குப் பின் திருப்பிச் செலுத்துகின்றார் என்று கொள்வோம். பணம் மடியை விட்டு நீங்குதலின் அவருக்கு அது செலவு. ஆனால் அவர் கையிலுள்ள பாஸ் புத்தகத்தில் அத்தொகை ‘வரவு’ என்று எழுதப்படுகின்றது. சங்கத்தின் நாள்வழிக் கணக்கிலும் அது வரவே. அச்சங்கம் தன் கணக்கைக் கணிப்பொறிக்கு மாற்றிய பின்னர்த் திரையில் தோன்றும் பதிவிலோ, ரொக்கக் கணக்கு ‘பற்று’ என்றும், உழவரின் கடன் கணக்கு ‘வரவு’ என்றும் இரண்டு வரிகள் உள்ளன. இதே நிகழ்ச்சியை யாழ்ப்பாணத்துக் கணக்காளர் ஒருவர் எழுத நேரின், காசுக் கணக்கு ‘வரவு’ என்றும், கடன் கணக்கு ‘செலவு’ என்றும் எழுதுவார். நிகழ்ச்சி ஒன்று, தொகை ஒன்று, மொழியும் ஒன்று. பெயர்கள் மட்டும் தம்முள் முரணி நிற்கின்றன. இவருள் ஒருவரும் பிழை செய்தாரல்லர் என்பதே இங்கு வியக்கத்தக்கது.

இரட்டைப் பதிவு முறை கடுமையானது என்றும், பள்ளியிறுதி கடவாத மலைவாழ் மக்களுக்கு அது எட்டாது என்றும் கூறுவார் உளர். யாம் அதனை ஒப்பவில்லை. கூட்டலும் கழித்தலும் அறிந்தார்க்கு அம்முறையில் எட்டாதது யாதும் இல்லை. மயக்கம் கணக்கில் இல்லை, சொல்லில் உள்ளது. இன்னும் நுணுகிக் கூறின், அச்சொல் எவ்விடத்தில் நின்று பேசுகின்றது என்பதில் உள்ளது. இஃது இலக்கணம் பயின்றார் ஆராயத் தக்க பொருளாதலின் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இன்றைய திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது. ஜமுனாமரத்தூர் அதன் தலைமையான ஊர். அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். அவர்தம் தாய்மொழி தமிழே. கேரளத்து மலையாளத்திற்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்கும் அப்பெயரைப் புதிதாகக் கேட்போர் வேறு பொருள் கொள்ளுதல் இன்றும் காணப்படும் ஒன்று. நல்ல தமிழ்ச்சொல் ஒன்று கேட்போர் நிற்கும் இடத்திற்கேற்பத் திரிந்து பொருள்படுதற்கு அம்மலையின் மக்கட்பெயரே சான்றாதல் காண்க.

சாமை, புளி, தேன், பலா முதலியன அம்மலையிலிருந்து கீழே இறங்கும் பொருள்கள். இவற்றைக் கொள்வதற்கும், உழவர்க்குக் கடன் வழங்குவதற்கும், விதையும் உரமும் விற்பதற்குமாக நாட்டின் பழங்குடிப் பகுதிகளில் 1970-களில் பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. இவற்றை மக்கள் ‘லேம்ப்’ சங்கம் என்பர். 2002-ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், உழவர்களே பங்குதாரராகும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தமிழகத்தில் பெருகின. மகளிர் தன்னுதவிக் குழுக்கள் ஊர்தோறும் உள்ளன. ஆகவே கணக்கேடு என்பது இன்று அடிவாரத்து வணிகர் ஒருவரிடம் மட்டும் இருப்பதன்று; மலைமேல் உள்ளாரே எழுதுவதும், எழுதியதன் கீழ்க் கையொப்பம் இடுவதும் ஆகிவிட்டது.

கம்பெனிச் சட்டம், 2013 தன் 128-ஆம் பிரிவில், நிறுவனங்கள் இரட்டைப் பதிவு முறையிலேயே கணக்கெழுதல் வேண்டும் என்று விதிக்கின்றது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களையும் லேம்ப் சங்கங்களையும் நாடளாவிய ஒரே மென்பொருளின்கீழ்க் கொண்டுவரும் திட்டத்திற்கு ஒன்றிய அரசு 2022-ஆம் ஆண்டு சூன் மாதம் 29-ஆம் நாள் இசைவளித்தது. முதற்கண் 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் என்பது திட்டத்தின் அளவு. ஆகவே மலையூர்ச் சங்கத்தில் மைக்கோல் பிடித்த கை விசைப்பலகைக்கு மாறுகின்றது. அம்மாற்றத்தில் எண்கள் அப்படியே செல்கின்றன. சொற்கள் அவ்வாறு செல்வதில்லை.

மேலைநாட்டுச் சொற்கள்

இரட்டைப் பதிவின் வரலாற்றை விரித்தல் எம் கருத்தன்று. லூக்கா பாச்சியோலி என்னும் பிரான்சிசுத் துறவி 1494-இல் வெனிசு நகரில் அச்சிட்ட கணித நூலில் அம்முறையை விளக்கினார் என்பதும், இத்தாலிய வணிகர் அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே அதனைக் கையாளத் தொடங்கிவிட்டனர் என்பதும் யாவரும் அறிந்தன. நாம் கருதவேண்டியது அவர்கள் ஆண்ட சொல்லை. இத்தாலியர் ஏட்டின் ஒருபுறத்தைத் ‘தரற்பாலது’ என்னும் பொருள்படவும், மறுபுறத்தைப் ‘பெறற்பாலது’ என்னும் பொருள்படவும் குறித்தனர். ஆங்கிலத்தில் ‘டெபிட்’ என்பது ‘கடன்பட்டிருக்கின்றான்’ என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது. ‘கிரெடிட்’ என்பது ‘நம்பி விடுத்தான்’ என்னும் வினையின் வழிவந்தது. செருமானியர் இன்றும் ‘வேண்டும்’, ‘உண்டு’ என்னும் பொருளுடைய இரு துணைவினைகளையே பெயராக வழங்குவர்.

இவையனைத்தும் ஓர் ஆளை நோக்கி எழுந்த சொற்கள். இன்னான் நமக்குத் தரவேண்டும். இன்னான் நம்மிடம் பெறவேண்டும் என்பதே முதற்பொருள். பின்னர் ரொக்கப் பெட்டிக்கும், சரக்கறைக்கும், வட்டிக்கும், வாடகைக்கும் தனித்தனிக் கணக்கு வகுத்தபொழுது, பெட்டியையும் வாடகையையும் ஆளாகப் பாவித்து அச்சொற்களையே அவற்றிற்கும் ஏற்றினர். உயர்திணைக்குரிய சொல் அஃறிணைமேற் சென்றது. மேலைநாட்டு மாணவரும் இவ்விடத்திலேதான் இடறுகின்றனர். ஆயின் இலத்தீன் அவர்க்கு வழக்கிறந்த மொழியாதலின் ‘டெபிட்’, ‘கிரெடிட்’ என்பன வெறும் இடக்குறி, வலக்குறியாய்த் தேய்ந்துவிட்டன. நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. ‘வரவு’ என்பது நாள்தோறும் வாயில் வழங்கும் உயிருள்ள சொல்.

பற்று, வரவு, பேரேடு

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் டெபிட்டைப் பற்று என்றும், கிரெடிட்டை வரவு என்றும் வழங்குகின்றன. பதிவின் ஓரத்தில் ‘ப’, ‘வ’ என்று சுருக்கியும் எழுதுவர். பற்று என்பது பற்றியது, கைக்கொண்டது. ஒருவன் நம்மிடமிருந்து எதனைப் பற்றினானோ அஃது அவன் பற்று. அவனிடமிருந்து நமக்கு எது வந்ததோ அஃது அவன் வரவு. ‘அவனுக்கும் எனக்கும் பற்றுவரவு இல்லை’ என்று ஊரார் கூறுவதில் இவ்விரண்டும் இணைந்து நிற்கின்றன. இலங்கையில் பணம் பெற்றதற்குத் தரும் ஒப்புகையைப் பற்றுச்சீட்டு என்பர். தமிழகத்தில் இன்று ரசீது என்னும் பாரசீகச் சொல்லே பெருக வழங்குகின்றது. பற்றுச்சீட்டில் பற்றியவர் சீட்டை எழுதிக் கொடுப்பவர். கொண்டு செல்பவரோ பணத்தைத் தந்தவர். அவர் கணக்கில் அது வரவு. ஒரே தாளில் பற்றும் வரவும் எதிரெதிர் நிற்றல் காண்க.

பேரேடு என்னும் சொல்லைப் பெருமை + ஏடு எனப் பிரிப்பாரும், பெயரின் மரூஉவாகிய பேர் + ஏடு எனப் பிரிப்பாரும் உளர். புணர்ச்சி விதி இரண்டிற்கும் இடந்தரும். ஆளுக்கு ஒரு பக்கம் வகுத்து, அவரவர் பேரில் எழுதும் ஏடு அது. ‘இன்னார் பேரில் பற்று’, ‘இன்னார் பேருக்கு வரவு’ என்னும் எழுத்து வழக்கை நோக்குங்கால் இரண்டாவது பிரிப்பு பொருட்கு மிக இயைவதென யாம் கருதுகின்றோம்.

பழைய இந்திய முறையில் நாள்வழியின் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. வடநாட்டு வணிகர் தம் ‘பகி’ ஏடுகளில் இடப்பக்கத்தை ‘ஜமா’ என்றும், வலப்பக்கத்தை ‘நாவே’ அல்லது ‘உதார்’ என்றும் குறித்ததும் இதுவே. (வருவாய்த்துறையார் ஆண்டுதோறும் நடத்தும் ஜமாபந்தியில் உள்ள ஜமாவும் அச்சொல்லே.) பணம் கொணர்ந்தவர் பெயரை நாள்வழியின் வரவுப்பக்கம் எழுதுவர், அங்கிருந்து அவருடைய பேரேட்டுப் பக்கத்திலும் வரவாகவே ஏற்றுவர். இரண்டு இடத்தும் ஒரே சொல். ரொக்கத்திற்கென வேறொரு கணக்கு வேண்டுவதில்லை; நாள்வழியின் இருபக்க வேறுபாடே பெட்டியிலுள்ள இருப்பைக் காட்டிவிடும். இந்தியக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குமுறை பெரும்பாலும் இவ்வழிப்பட்டதே. பெறுதல் பக்கத்தில் எழுதியது பொதுப் பேரேட்டில் வரவாக ஏறும். கொடுத்தல் பக்கத்தில் எழுதியது பற்றாக ஏறும். ரொக்கம் கைமாறாத சரிக்கட்டுப் பதிவுகளையும் நாள்வழியின் இருபுறமும் எழுதி நேர்செய்வர்.

மேலைமுறையில் ரொக்கமும் தனியொரு கணக்கு. பெட்டிக்குள் பணம் வந்தால் பெட்டி நமக்குக் கடன்பட்டது. ஆகவே பெட்டிக்கு டெபிட். தந்தவர்க்குக் கிரெடிட். முன்பு நாள்வழிக்கும் ஆளின் பக்கத்திற்கும் பொதுவாயிருந்த வரவு என்னும் ஒரு சொல், இப்பொழுது இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஒன்றற்கே உரியதாதல் வேண்டும். தமிழகம் அதனை ஆளின் பக்கத்திற்கு வைத்துக்கொண்டது. ஈழம் அதனைப் பெட்டியின் பக்கத்திற்கு வைத்துக்கொண்டது. இலங்கைப் பாடநூல்களில் டெபிட் வரவு எனவும், கிரெடிட் செலவு எனவும் வழங்குவதன் காரணம் இதுவாதல் வேண்டும் என்பது எம் துணிபு. தமிழகத்து வங்கியார் பற்று அட்டை என்று அழைக்கும் அதனையே இலங்கை வங்கியார் வரவட்டை என்பர்.

மூன்று விதியும் இரண்டு வழக்கும்

மாணவர் மனப்பாடம் செய்யும் மூன்று விதிகளை இங்கு வைத்துப் பார்த்தல் தகும். ஆள்சார் கணக்கிற்கு: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. பொருள்சார் கணக்கிற்கு: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை. பெயரளவைக் கணக்கிற்கு: செலவையும் நட்டத்தையும் பற்று வை, வருமானத்தையும் ஆதாயத்தையும் வரவு வை.

இவற்றுள் நடுவில் உள்ளதை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்ப்பார்க்கு நகை தோன்றும். உள்ளே வருவது வரவன்றாம். வெளியே செல்வது வரவாம்! தமிழறிந்த குழந்தையும் ஒப்பாத தொடர் இது. ஆங்கிலத்தில் இவ்விதி மயக்கம் தருவதேயன்றி முரணாவதில்லை, மொழிபெயர்ப்பில் முரணாய்விட்டது. மகளிர் குழு ஒன்றின் பொருளாளர் புளி விற்ற பணத்தைப் பெட்டியில் இட்டுவிட்டு, ‘ரொக்கம் பற்று’ என்று எழுதுங்கால் அவர் கை தயங்குமாயின், தயக்கத்திற்குக் காரணம் அவர் அறியாமை அன்று; அவருடைய தமிழறிவு.

ஈழத்து வழக்கில் இவ்விடர் இல்லை. உள்ளே வருவது வரவு. வெளியே செல்வது செலவு. ஆள்சார் கணக்கிலும் பெறுபவருக்கு வரவு, தருபவருக்குச் செலவு என்பது இயல்பாகவே பொருந்தும். ஆனால் மூன்றாம் விதியில் அவ்வழக்கு இடறுகின்றது. வாடகை கொடுத்தால் வாடகைச் செலவுக் கணக்கிற்கு ‘வரவு’. வட்டி வந்தால் வட்டி வருமானக் கணக்கிற்குச் ‘செலவு’. செலவு வரவாகின்றது, வருமானம் செலவாகின்றது. இம்முரணைத் தவிர்த்தற்கே போலும், அங்குள்ள நூலார் செலவினம் என்னும் சொல்லை வேறுபடுத்தி ஆள்கின்றனர். செலவிற்கும் செலவினத்திற்கும் இடையே ஒரு விகுதியளவே வேலியாக நிற்கின்றது. விரைந்து எழுதுவோர்க்கு அவ்வேலி போதாது.

ஆக, தமிழக வழக்கு முதல் விதிக்கும் மூன்றாம் விதிக்கும் இயைந்து இரண்டாவதில் தவறுகின்றது. ஈழ வழக்கு முதல் இரண்டிற்கும் இயைந்து மூன்றாவதில் தவறுகின்றது. முதல் விதிக்கு மட்டும் இரண்டும் இயைகின்றன. ஒரே விதிக்கு வரவு என்னும் சொல் எதிரெதிரான இரு பொருளில் இயைதல் எங்ஙனம்? விடை தொல்காப்பியத்தில் உள்ளது.

வருதலும் தருதலும்

சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் தொல்காப்பியர், செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கும் மூவிடத்திற்கும் உரியவாமாறு கூறி, அவற்றுள் தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை என்னும் ஈரிடத்திற்கு உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் வரையறுக்கின்றார். எனக்கு வந்தது, நினக்கு வந்தது, அவனுக்குச் சென்றது. வரவு என்னும் சொல்லுக்குள்ளேயே பேசுவோன் நிற்கும் இடம் அடங்கியிருக்கின்றது. பேசுவோன் எவன் என்று அறியாது வரவு எது என்று அறிதல் இயலாது. நன்னூலார் இதனைச் சற்று நெகிழ்த்துப் படர்க்கைக்கு நான்கும் உரியனவென ஏற்றுக்கொள்கின்றார். ஏனை ஈரிடத்திற்குத் தரலும் வரலுமே உரியன என்கின்றார். அவர் கருத்துப்படி ‘அவனுக்கு வந்தது’ என்பதும் வழுவன்று.

இனிக் கணக்கிற்கு வருவோம். தமிழகத்து ஏட்டில் ‘முருகன் வரவு’ என்று எழுதியிருப்பின், பேசுவது ஏட்டிற்கு உரியவர். முருகனிடமிருந்து எமக்கு வந்தது என்பது பொருள். வரவு தன்மைக்கண் நிற்கின்றது. தொல்காப்பியர் வரையறைக்கு அஃது அடங்கும். ஈழத்து ஏட்டில் ‘முருகன் கணக்கு வரவு’ என்பதன் பொருள், முருகனிடத்து வந்து சேர்ந்தது என்பது. வரவு படர்க்கைக்கண் நிற்கின்றது; நன்னூலார் அதற்கு இடந்தருகின்றார். ஒன்று ஏட்டுக்காரன் வாய்மொழி. மற்றொன்று ஒவ்வொரு கணக்கையும் தனித்தனி நிறுத்தி அதனதன் பக்கலிலிருந்து கூறும் மொழி. இரண்டும் தத்தம் நெறியில் செவ்வையானவை. கேடு விளைவது, எந்நெறி என்று கூறாது சொல்லை மட்டும் வைக்கும்பொழுது.

இந்நோக்கில் பார்த்தால் தமிழக வழக்கின் இரண்டாம் விதியும் விளங்கிவிடும். ரொக்கப் பெட்டியைப் பெட்டிக்காரன் ஒருவன் எனக் கொள்க. அவன் நம்மிடமிருந்து பணத்தைப் பற்றினான்; ஆகவே ரொக்கம் பற்று. அவன் எடுத்துத் தந்தால் அவனிடமிருந்து நமக்கு வந்தது; ஆகவே ரொக்கம் வரவு. ஆசிரியர்கள் இதனை ஒரு நாள் கூறுவார்களாயின் மாணவர் மூன்று விதிகளை நெட்டுருச் செய்யும் வருத்தம் பெரிதும் குறையும்.

வங்கிக் கணக்கில் நேரும் மயக்கமும் இவ்வகைத்தே. குழு வங்கியில் 5,000 ரூபாய் இடுகின்றது. வங்கி தரும் பாஸ் புத்தகத்தில் அது வரவு, வங்கிக்கு வந்ததாதலின். குழுவின் சொந்தக் கணக்கில் வங்கிக் கணக்கிற்கு அது பற்று, வங்கி பற்றிக்கொண்டதாதலின். பாஸ் புத்தகம் வங்கியின் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய பக்கம், அதில் தன்மையிடத்தில் நிற்பது வங்கி என்னும் ஒரு செய்தியைக் கூறாதொழிந்தமையால், இரண்டு ஏடும் ஒன்றற்கொன்று மாறானவை போலத் தோன்றுகின்றன. ஒத்துப்பார்க்க அமர்ந்தவர், ஒன்றைப் பிழையென்று எண்ணித் திருத்த முற்படின் இருமடங்கு வேறுபாடு தோன்றும். தணிக்கையில் அது குழுவின் குற்றமாக எழுதப்படும்.

மென்பொருள் பேசும் மொழி

இனி மென்பொருளை நோக்குவோம். இந்தியாவில் மிகப் பரவலாக வழங்குவது டேலி. 1986-இல் பெங்களூரில் தோன்றிய நிறுவனத்தின் ஆக்கம். அதன் பதிவுத்திரையில் டெபிட், கிரெடிட் என்பவற்றிற்குப் பதிலாக ‘பை’, ‘டு’ என்னும் இரு முன்னிடைச்சொற்களும் வரும். திரையில் டெபிட் வரி ‘பை’ என்று தொடங்கும். கிரெடிட் வரி ‘டு’ என்று தொடங்கும். ஆனால் ஆங்கில மரபுப்படி எழுதிய பேரேட்டில் டெபிட் பக்கத்து வரிகள் ‘டு’ என்றும், கிரெடிட் பக்கத்து வரிகள் ‘பை’ என்றும் தொடங்கும். வகுப்பறையில் பேரேட்டைப் பயின்று திரைமுன் அமரும் இளைஞர்க்குத் தாம் கற்றது தலைகீழானதுபோல் தோன்றும். வேண்டுவார் அமைப்பை மாற்றிச் சுருக்கெழுத்துகளையே காணலாம் என்பது உண்மை. மாற்றலாம் என்பதை அறிந்தவர்க்குத்தானே அது பயன்படும்?

கட்டற்ற மென்பொருளாகிய குனூகேஷ் வேறொரு வழியை மேற்கொண்டது. அதில் பத்தியின் தலைப்பு கணக்கின் வகைக்கேற்ப மாறும். ரொக்கமாயின் பெற்றது, செலவிட்டது. வங்கியாயின் இட்டது, எடுத்தது. சொத்தாயின் கூடியது, குறைந்தது. கொடுக்கவேண்டிய கடனாயின் குறைந்தது, கூடியது என்னும் பொருள்படத் தலைப்புகள் அமைந்துள்ளன. டெபிட், கிரெடிட் என்னும் முறைச்சொற்களை வேண்டுவார் அவற்றைத் தெரிந்துகொள்ளவும் இடமுண்டு. இது பெரிதும் பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆயினும் சொத்தில் இடப்பத்தி கூடுதலையும், கடனில் அதே இடப்பத்தி குறைதலையும் காட்டுதலின், இரண்டும் ஒரே பக்கம் என்னும் உண்மை மறைந்துவிடுகின்றது. தொடக்கத்தார்க்கு எளிமை, இடைநிலையார்க்குப் புதிய மயக்கம். 2003-இல் தோன்றிய ‘லெட்ஜர்’ என்னும் மற்றொரு மென்பொருள் சொற்களை அறவே நீக்கிக் கூட்டல், கழித்தல் குறிகளால் காட்டுகின்றது. அதில் வருமானம் கழித்தற் குறியுடன் நிற்கும். வருமானத்தைக் குறையென்று காட்டும் ஏட்டை மலையூர்க் குழுக் கூட்டத்தில் எவ்வாறு படித்துக்காட்டுவது?

இத்தகைய மென்பொருள்களைத் தமிழாக்குவோர் தமிழகத்தினராகவும் இருப்பர், ஈழத்தினராகவும் இருப்பர், ஒரே கோப்பில் இருவர் கையும் படும். ஒருவர் டெபிட்டைப் பற்று என்று எழுதிச் செல்ல, மற்றொருவர் வேறொரு திரையில் அதனையே வரவு என்று எழுதின், பயன்படுத்துவோர் இரண்டையும் அறிந்துகொள்ளும் வழி யாது? மற்றச் சொற்களில் வேறுபாடு தீங்கற்றது. தமிழகத்தார் குறிப்பேடு என்பதை ஈழத்தார் நாளேடு என்பர். இருப்பாய்வைப் பரீட்சை மீதி என்பர். நாம் இருப்புநிலைக் குறிப்பு என்று புதிது புனைந்ததற்கு அவர்கள் ஐந்தொகை என்னும் பழஞ்சொல்லையே போற்றுகின்றனர் (அதனை நாம் கைவிட்டமை எமக்கு உடன்பாடன்று). இவை இருவேறு சொற்களாதலின் அறியாதார் வினவித் தெளிவர். வரவு அவ்வாறன்று. இருவரும் அறிந்த ஒரே சொல். ஆதலின் ஒருவரும் வினவார்.

இருப்பும் நிலுவையும்

மற்றொரு சொல்லையும் குறிப்பிடல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘பேலன்ஸ்’ என்னும் ஒன்றற்குத் தமிழில் இருப்பு, நிலுவை, மீதி, பாக்கி எனப் பல உள. கையில் உள்ளது இருப்பு. வரவோ கொடுக்கவோ வேண்டி நிற்பது நிலுவை. பாக்கி அரபியிலிருந்து வந்ததாயினும் கடன் என்னும் பொருளில் நன்கு ஊன்றிவிட்டது. தமிழிடம் இவ்வளவு செல்வம் இருக்க, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எல்லா இடத்தும் இருப்பு என்று ஒன்றையே இட்டுச் செல்லுதல் வருந்தத்தக்கது. உழவரின் கடன் கணக்கில் ‘இருப்பு ரூ. 4,000’ என்று அச்சாகி வரின், அத்தொகை தமக்கு உள்ளது என்று அவர் கொள்வதில் வியப்பில்லை. உண்மையில் அஃது அவர் தரவேண்டிய தொகை. சேமிப்பிற்கும் கடனுக்கும் அடுத்தடுத்த பக்கங்களில் இச்சொல்லே நிற்குமாயின், சேமிப்பு எது, கடன் எது என்பதே ஐயமாகும். ‘அனாமத்து’ என்பதும் இத்தகையதே. நம்பி ஒப்படைத்தது என்னும் பொருளுடைய ‘அமானத்து’ என்னும் சொல்லின் திரிபு அது. பேச்சில் உடையவர் அற்றது என்று பொருள்படுகின்றது. பெயர் தெரியாமல் சங்கத்திற்கு வந்த பணத்தை அனாமத்துக் கணக்கில் வைத்துள்ளோம் என்று அறிவித்தால், கேட்போர் ஐயுறாதிருப்பரோ?

செயற்பாலன

இருநாட்டு வழக்கில் ஒன்றை ஒழித்து மற்றொன்றை நிலைநிறுத்தல் வேண்டும் என்பார் உளர். அஃது இயல்வதுமன்று, வேண்டுவதுமன்று என்பது எம் கருத்து. பல தலைமுறை மாணவர் கற்றுவந்த வழக்கை ஆணையால் மாற்றமுடியாது. சவ்வாது மலைச் சங்கங்களின் பாஸ் புத்தகமும் நாள்வழியும் வரவு என்பதைத் தந்தவர் பேருக்கே எழுதுவன. ஆதலின் அங்குப் பற்று, வரவு என்னும் தமிழக வழக்கே நிற்றல் முறை. ஆனால் ரொக்கக் கணக்கிற்கும் வங்கிக் கணக்கிற்கும் உரிய பத்திகளில் அச்சொற்களைத் தலைப்பாக வைத்தல் கூடாது. அவ்விடங்களில் பெற்றது, கொடுத்தது என்றும், இட்டது, எடுத்தது என்றும் வைத்து, ப, வ என்னும் எழுத்துகளைத் தலைப்பின் ஓரத்தில் சிறிதாகப் பொறித்தல் போதும். பத்தியின் இடவல ஒழுங்கு எல்லாக் கணக்கிலும் ஒன்றே என்பதை அவ்வெழுத்து காட்டும்; பொருளைத் தலைப்பு காட்டும். கலைச்சொல் அகராதி தொகுப்போர் வரவு என்னும் சொல்லின்கீழ் ‘தமிழக வழக்கு’, ‘இலங்கை வழக்கு’ என்று இரண்டு பொருளையும் எதிரெதிர் தருதல் கட்டாயமாகும். ஒன்றை மட்டும் தரும் அகராதி, ஒன்றும் தராததினும் தீங்கானது.

உறுப்பினர்க்குத் தரும் சீட்டில் இவையொன்றும் வேண்டா. அங்குப் பேசுவது சங்கம், கேட்பவர் உழவர். தன்மையும் முன்னிலையும் எதிரெதிர் நிற்க, படர்க்கைச் சொல்லாற் பேசுவானேன்? ‘நீங்கள் இன்று செலுத்தியது 1,000 ரூபாய். இன்னும் நீங்கள் செலுத்த வேண்டியது 4,000 ரூபாய்’ என்று அச்சாகி வரின், படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை அதனைப் பாட்டனுக்குப் படித்துக் காட்டலாம். தணிக்கையாளர்க்கு வேண்டிய ‘வ’ அச்சீட்டின் மூலையில் ஓரெழுத்தாக இருக்கட்டும்.